வலது பிடியில் வரும் அலை

பிப்ரவரி 12, திங்கள்

காலை முழுவதும் இரண்டு பைட்டோடு மல்லுக்கட்டு. கல் முற்றத்துக் கிரேனின் பழைய பிடிகளைக் கழற்றியாயிற்று. அவை இருந்த இடத்தில் இப்போது இரண்டு புது ஜாய்ஸ்டிக். இடது பிடி கிரேனைத் தண்டவாளத்தில் நகர்த்தும், வலது பிடி கொக்கியை ஏற்றி இறக்கும். ஆனால் இதெல்லாம் ஜாய்ஸ்டிக்குக்குத் தெரியாது. அது அனுப்புவது வெறும் எண். நடுவில் சும்மா விட்டால் 512, ஒரு கோடிக்குத் தள்ளினால் பூஜ்யம், மறு கோடிக்கு 1023. எந்த எண் எந்த அசைவு, எவ்வளவு தள்ளினால் எவ்வளவு வேகம் என்று கிரேனை இயக்கும் கண்ட்ரோலருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு.

எண் இரண்டு பைட்டாக, அதாவது இரண்டு துண்டாக வருகிறது. பெரிய துண்டு முன்னால் வரும் என்று புத்தகம் சொல்கிறது. கருவி பின்னால் அனுப்புகிறது. இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பத்து மணிச் சாப்பாட்டுக்கு மணியடித்துவிட்டார்கள். மரேண்டா என்கிற அந்தச் சாப்பாட்டு நேரம் வந்தால் இந்தத் தீவில் எல்லாம் நிற்கும், கண்ட்ரோலர் மட்டும் என்ன.

மதியம் பாஷ்கோ அண்ணன் கேபினில் ஏறினார். நான் இங்கே வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே இந்தக் கிரேன் அவருடையது. நான் கீழே லேப்டாப்போடு.

"மேல தள்ளுறேன், வருதா?"

"வருது அண்ணே."

"இப்ப கீழ."

"அண்ணே, மறுபடியும் மேலதான் காட்டுது."

"நான் கீழதான் தள்ளுறேன். உன் பொட்டிதான் தலகீழா நிக்குது."

கீழே கற்களுக்குச் சங்கிலி கட்டும் தோங்கோ விடுவானா. அவன் பாஷ்கோ அண்ணனின் மனைவிக்குத் தம்பி. "மச்சான், நீ தலகீழா உக்காந்திருக்கியான்னு மொதல்ல பாத்துக்க," என்றான். ஒரு குறியை மாற்றிப் போட்டிருந்தேன். என் தப்புதான். அவர்களிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

மரேண்டா மேசையில் வைன் இல்லை. தவக்காலம் முழுக்க வைனை விட்டுவிட்டதாகத் தோங்கோ அறிவித்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர தேவாலயப் படி ஏறாத தோங்கோ. மேனேஜர் நிக்ஷாவும் விட்டுவிட்டாராம். சமையல்கார ஃபானி எலுமிச்சை மிதக்கும் தண்ணீர்க் கூஜாவைப் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தாள்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வைனையும் எடுத்துவிட்டார்கள். உப்பு மத்தி மீனைப் பச்சைத் தண்ணீரோடு விழுங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாஷ்கோ அண்ணன் இடது கையால் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 16, வெள்ளி

முதல் கல் தூக்கினோம். சின்னதுதான். ஏறும்போது அழகாகப் போயிற்று. நடுவானில் நிறுத்தியதும் பிரேக் திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது — டக் டக் டக்.

"வின்கா, உன் கிரேன் குளிர்ல பல்லக் கடிக்குது. ஒரு போர்வை போத்தி விடு," என்றான் தோங்கோ.

பிடியை விட்டால் எண் 512-இல் நிற்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே ஆடும் என்பதற்காக நடுவில் ஒரு சும்மா இடம் விட்டிருக்கிறேன், அதற்குள் ஆடினால் கண்ட்ரோலர் கண்டுகொள்ளாது. எண் அதையும் தாண்டி ஆடுகிறது. தாண்டும்போதெல்லாம் பிரேக் திறக்கிறது. கேபிள்தான். எப்போதுமே கேபிள்தான்.

பிப்ரவரி 19, திங்கள்

கேபிள் இல்லை. மோட்டார் கேபிளைத் தனியாகப் பிரித்து வேறு குழாயில் போட்டேன், உறையை எர்த்தில் கட்டினேன், முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். டக் டக்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பலத்த வடகாற்று. கிரேனும் ஓடவில்லை, கப்பலும் ஓடவில்லை.

பிப்ரவரி 21, புதன்

உபரியாக வாங்கி வைத்திருந்த ஜாய்ஸ்டிக்கைப் பூட்டினேன். நானே கேபினில் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தேன். 512 என்றால் 512, இம்மியும் நகரவில்லை. சரியாகிவிட்டது என்று கீழே வந்து சொன்னேன். பாஷ்கோ அண்ணன் ஏறி உட்கார்ந்தார். டக் டக் டக்.

"என்னப் பாத்தா பயப்படுது போல," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

பிப்ரவரி 22, வியாழன்

எண்களைப் பதிவு செய்து கோடாக வரைந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

மின்சார இரைச்சல் முள்புதர் மாதிரி இருக்கும், அதற்கு ஒழுங்கு கிடையாது. இது அலை. ஒரே உயரம், ஒரே இடைவெளி, நொடிக்கு ஐந்து. அவர் பிடியைத் தள்ளத் தொடங்கியதும் அலை அடங்கிவிடுகிறது. நடுவில் கையைச் சும்மா வைத்ததும் திரும்ப வருகிறது. கேபிளில் இப்படி வராது. இது ஒரு மனிதனிடமிருந்து வருகிறது.

பழைய பிடியில் படிகள் இருந்தன, பிடியைத் தள்ளினால் ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். கை என்ன ஆடினாலும் பிடி ஆடாது. எத்தனை நாளாக இப்படியோ. புதுப் பிடியைக் கொண்டுவந்து பூட்டி அவரைக் காட்டிக்கொடுத்தவள் நான்.

பிப்ரவரி 23, வெள்ளி

நிக்ஷாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஜாய்ஸ்டிக் எண்கள் என்று என்னவோ உளறினேன்.

"கைதானே? தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். திராட்சை அறுப்பு முடிஞ்சதுலேர்ந்தே. அவன் வீட்டு வைன் போன வருஷம் ரொம்ப நல்லா வந்துடுச்சு. அதான் வினை."

"அப்ப இந்தத் தவக்காலம்?"

"தோங்கோ யோசனை. குடிக்காதேன்னு சொன்னா மனுஷனுக்கு அவமானம். நாம எல்லாருமா சேந்து ஆண்டவர் பேர்ல விட்டா அவனும் விடுவான், யாருக்கும் அவமானமில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்டச் சொன்னா நீ மூஞ்சில எழுதி ஒட்டிருப்ப."

அது உண்மைதான். எனக்குக் கோபம் வந்தது, கோபப்படவும் முடியவில்லை. ஒரு முற்றமே ஒருவனுக்காக வைனை விட்டுவிட்டு, அவனுக்குத் தெரியக்கூடாதென்று பக்தி வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் நடுவில் கிரேனைச் சோதிக்க ஆய்வாளர் வருகிறார். அவர் இந்த டக் டக்கைக் கேட்டால் கேபினில் யார் என்று பார்ப்பார், அன்றோடு பாஷ்கோ அண்ணன் கீழே. "நீ வடிகட்டி கிடிகட்டி எதையாவது போட்டு அந்தச் சத்தத்த மட்டும் நிறுத்து வின்கா. ஈஸ்டருக்குள்ள அவன் சரியாயிடுவான். அந்தக் கேபின்லேர்ந்து எறக்கிட்டா அவன் செத்துடுவான்," என்றார் நிக்ஷா.

பிப்ரவரி 26, திங்கள்

முதலில் சும்மா இடத்தை அகலமாக்கிப் பார்த்தேன். அலை அடங்கிற்று. ஆனால் மெல்ல இறக்க வேண்டியபோது பிடி கொஞ்ச தூரம் செத்துக் கிடந்து, பிறகு திடீரென்று துள்ளியது. அதனால் வடிகட்டி. இப்போது வந்த எண்ணைக் கண்ட்ரோலர் அப்படியே எடுத்துக்கொள்ளாது. சற்று முன் வந்தவற்றையும் சேர்த்துச் சராசரி பார்க்கும். அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

தின்றுவிட்டது. கோடு தட்டை. பிரேக் வாயைத் திறக்கவில்லை. நிக்ஷா என் தோளில் தட்டினார். தோங்கோ கீழேயிருந்து தொப்பியைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டான்.

பாஷ்கோ அண்ணன் இறங்கிவந்து, "கேபிள்தானா?" என்று கேட்டார்.

"கேபிள்தான் அண்ணே."

கேபிள் மேல் நான் தெரிந்தே பொய்ப்பழி போட்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 1, வியாழன்

வடிகட்டிக்கு முன்னால் வரும் எண்களை இன்னும் பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, விட மனமில்லை. அலை அதே உயரம். தவக்காலம் தொடங்கி இரண்டு வாரம் தாண்டிவிட்டது, அவர் மேசையில் ஒரு சொட்டுத் தொடவில்லை. குறையவில்லை, கூடவும் இல்லை.

இன்னொன்று. இன்றுதான் இடது பிடியின் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது மேசை மாதிரி நேராக இருக்கிறது. ஏற்றி இறக்குவது வலது பிடிதான், பிரேக்கும் அதில்தான் அடித்தது, அதனால் இடதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. முட்டாள்.

கப்பலில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் லோவ்ரே ஃபோனில் கூப்பிட்டபோது சொன்னேன். "நீ என்ன டாக்டரா?" என்றார். இல்லை. ஆனால் வைன் ஒரு கைக்கு மட்டுமா போகும்?

மார்ச் 6, செவ்வாய்

எழுதித்தான் ஆகணும்.

பெரிய கல். நாலு மரக்கட்டை மேல இறக்கணும். தோங்கோ கையுறையக் கழட்டி ஒரு கட்டை மேல வெச்சுட்டு, கட்டைய நேராக்கிட்டு விலகினான். கல் வந்தது. கட்டைக்கு ஒரு சாண் மேல நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினான். எப்பவும் அங்கதான் நிறுத்துவாங்க, அப்புறம் தடவித் தடவி இறக்குவாங்க. பாஷ்கோ அண்ணன் அந்தக் கைய நல்லாப் பாத்தார். நான் கேபினப் பாத்துகிட்டேதான் இருந்தேன். அவர் பிடிய விட்டார். கல் நிக்கல. ரொம்ப இல்ல, அந்த ஒரு சாண்தான். கட்டை முனகின சத்தம் கேட்டுது.

கையுறை கல்லுக்கு அடியில. ரெண்டு விரல் நுனி மட்டும் வெளிய தெரியுது.

தோங்கோ தன்னோட வெறுங்கையப் பாத்தான். அப்புறம் சிரிச்சான். "புதுசு வாங்கிக் குடுத்துடு மச்சான்"னு மேல பாத்துக் கத்தினான்.

என் வடிகட்டி. நான் போட்ட வடிகட்டி. கையுறைதான், கை இல்ல. நாளைக்கு?

மார்ச் 7, புதன்

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கேபினுக்கு ஏறினேன். இரண்டு பேருக்கு அங்கே இடமில்லை, வாசலில் தொத்திக்கொண்டு நின்றேன். இரண்டு கோட்டையும் காட்டினேன்.

"இது என்ன?"

"உங்க இடது கை."

"இது?"

"வலது."

"அழகாத்தான் இருக்கு," என்றார்.

"வைன்னா ரெண்டு கையிலயும்தானே தெரியணும் அண்ணே."

வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். அக்டோபரிலிருந்தே வீட்டில் ஒரு சொட்டுத் தொடவில்லையாம். கை வைனால் ஆடுகிறதா என்று தானே பார்த்துக்கொள்வதற்காக நிறுத்தியிருக்கிறார். நடுக்கம் நிற்கவில்லை. அப்புறமும் இங்கே மரேண்டாவில் மட்டும் எல்லோருக்கும் தெரியும்படி குடித்திருக்கிறார். "இங்க குடிச்சாத்தான் அது வைன். குடிக்காம நடுங்கினா அது வேற."

"அவங்க வைன விட்டது எதுக்குன்னு..."

"நான் என்ன கொழந்தையா? இருபது வயசுலேர்ந்து தோங்கோவப் பாக்குறேன், காய்ச்சல்ல கெடந்தப்பகூட அவன் வைன விட்டதில்ல. எனக்காக விட்டான். அவங்கிட்டப் போயி, வீணா விட்டுட்டேடான்னு எப்படிச் சொல்ல? குடிகாரன்னு நெனச்சுத்தான் அவ்வளவு பிரியமா இருக்கானுங்க. சீக்காளின்னு தெரிஞ்சா பாவம்னு பாப்பானுங்க. அத என்னால தாங்க முடியாது."

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. கீழே கல்லடியில் கையுறையின் அந்த இரண்டு விரல் நுனி தெரிந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

"நான் விட்டுட்டேன் வின்கா. அவன் கை தூக்கினதுமே பிடிய விட்டுட்டேன். சத்தியமா."

"தெரியும் அண்ணே. நீங்க விட்டீங்க. நான் போட்ட வடிகட்டிதான் விடல." கேபிள் இல்லை என்பதை அப்போதுதான் சொன்னேன். "நீங்க விட்ட ஒடனே நிறுத்துன்னு அதுக்குச் சொல்லலாம். ஆனா நீங்க விடுறீங்களா, நடுங்குறீங்களான்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. அலைய விழுங்கினா நீங்க விடுறதையும் சேத்து விழுங்குது, தாமதமாத்தான் நிக்குது. எடுத்துடப் போறேன்."

"ஆய்வு முடியட்டுமே. அதுக்கப்புறம் எடு."

"மாட்டேன்."

"வின்கா."

"கீழ நிக்கிறது தோங்கோ."

அவர் முகம் சிவந்துவிட்டது. சத்தம் போடவில்லை, தணிந்த குரலில்தான் சொன்னார்: "எறங்கு. நீ கம்பியப் பாத்தாப் போதும். என் கையப் பாக்க வேணாம்." இறங்கிவிட்டேன்.

மார்ச் 8, வியாழன்

மகளிர் தினம். நிக்ஷா எனக்கும் ஃபானிக்கும் ஆளுக்கொரு கார்னேஷன் கொடுத்தார். பூவைக் கையில் வைத்துக்கொண்டே சண்டை போட்டோம். வடிகட்டியை எடுத்துவிட்டேன், பாஷ்கோ அண்ணன் கேபினில் இருக்கும்வரை ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். எனக்கு இதயமே இல்லை என்றார். இருக்கலாம்.

கிரேன் வெறுங்கொக்கியோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. வருஷா வருஷம் இந்த நாளில் பாஷ்கோ அண்ணன் தன் வீட்டு வாசலிலிருந்து பாதாம் பூங்கொத்து ஒன்று ஒடித்துவந்து என் மேசையில் போடுவார். இந்த வருஷம் இல்லை. வலிக்கிறது.

மார்ச் 9, வெள்ளி

மரேண்டாவுக்கு ஃபானி பீன்ஸ் சூப் வைத்திருந்தாள். பாஷ்கோ அண்ணன் வந்து உட்கார்ந்தார். இத்தனை மாதமாக மேசைக்கு அடியிலேயே இருந்த வலது கையை எடுத்துத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தார். கரண்டி ஒன்று அதில் பட்டுக் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. யாரும் எதையும் பார்க்கவில்லை. எல்லோரும் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான்.

"பாருங்கடா," என்றார். "இது வைன் இல்ல. நான் வைனத் தொட்டு நாளாச்சு. போயி உங்க வைனக் குடிங்க. என்னச் சாக்கு வெச்சு ஆண்டவர ஏமாத்தினது போதும்."

சட்டைப்பையிலிருந்து கேபின் சாவியை எடுத்துத் தோங்கோவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கிரேனை ஓட்டுவது தோங்கோதான், அவனிடமும் உரிமம் இருக்கிறது. தோங்கோ சாவியைத் தொடவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?"

"அறுப்பு முடிஞ்சதுலேர்ந்து."

"அக்காவுக்கு?"

"குடிக்கிறேன்னுதான் அவளும் நெனச்சுட்டிருக்கா."

தோங்கோ எழுந்து வெளியே போனான். ஜன்னலில் தெரிந்தது, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சூப் ஆறிப்போயிற்று. திரும்பிவந்தபோது கண் சிவந்திருந்தது.

"திங்கக்கெழம கப்பல்ல ஸ்ப்ளிட் டவுனுக்குப் போறோம், பெரியாஸ்பத்திரிக்கு. நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"நீ பாதி வழில குதிச்சு நீந்தித் திரும்பி வந்துருவ."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், பாஷ்கோ அண்ணனும். ஃபானி வைன் கூஜாவை எடுத்துவரட்டுமா என்று கேட்டாள். தோங்கோ வேண்டாமென்றான். "ஈஸ்டர் வரைக்கும்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். நான் ஆண்டவர்கிட்டச் சொன்ன ஒரே சொல்லு அதுதான், அதயாவது காப்பாத்துறேன்." பிறகு சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் காரில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். எதற்கென்று கேட்டால் தெரியாது.

மார்ச் 13, செவ்வாய்

ரொட்டிக்கடை வரிசையில் யேலே அக்கா, பாஷ்கோ அண்ணனின் மனைவி. என் மேல் கோபமாக இருப்பாள் என்று நினைத்து ஜாம் பாட்டில்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அவளே பக்கத்தில் வந்தாள். நேற்று மருத்துவர் அண்ணனை நடக்கச் சொன்னாராம், எழுதச் சொன்னாராம், விரல்களைத் தட்டச் சொன்னாராம். நடுக்குவாதம் மாதிரிதான் இருக்கிறது, இன்னும் ஒரு சோதனை எடுத்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன் என்றாராம். மாத்திரையை இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"நான் அந்த மனுஷங்கூடப் பேசாம இருந்தேன் வின்கா. கிறிஸ்துமஸ்லேர்ந்து வேற ரூம்லதான் படுக்குறேன், குடிகார வாடைன்னு சொல்லிட்டு. வாடையே இல்ல. இல்லாத வாடை எனக்கு அடிச்சுது."

அவள் முறை வந்தது. இரண்டு ரொட்டி வாங்கினாள்.

மார்ச் 15, வியாழன்

ஆய்வு. கேபினில் தோங்கோ. என் திரையில் இரண்டு கோடும் நேர். நிறுத்தினால் நிற்கிறது. கையெழுத்துப் போட்டேன்.

பாஷ்கோ அண்ணன் வரவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருக்கிறாராம்.

மார்ச் 21, புதன்

உறுதி செய்துவிட்டார்கள். பார்க்கின்சன். மாத்திரை கொஞ்சம் கேட்கிறதாம், ஆனால் கிரேனுக்கு இனித் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் மனம் ஆறவில்லை.

நிக்ஷா என் அறைக்கு வந்தார். பூவோடு சண்டை போட்டதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. "ரம்பக்கூடத்துல ஆள் வேணும். பட்டன் வேலதான். அவனால முடியுமா?" என்று கேட்டார். அதை அவரிடமல்லவா கேட்க வேண்டும் என்றேன். "நான் கேட்டா கருணைன்னு நெனப்பான். நீ போய்ச் சண்ட போடு."

மார்ச் 24, சனி

போனேன். வாசல் பாதாம் மரத்தில் பூ உதிர்ந்துவிட்டது. கதவைத் திறந்து, "கம்பி பாக்க வந்தியா, கை பாக்க வந்தியா?" என்றார்.

"ரெண்டுமில்ல. ரம்பக்கூடத்துல ஒரு மடையன் உக்காந்துகிட்டு மாசத்துக்கு ரெண்டு கல்லு ஒடைக்கிறான். கல்லுக்குள்ள கோடு எப்படிப் போகுதுன்னு தெரிஞ்ச ஆள் வேணும்."

"பட்டன்ல இந்த விரல வெச்சா மூணு தரம் அமுக்கும். ரம்பம் ஓடும், நிக்கும், ஓடும்."

"அது என் தலவலி."

யேலே அக்கா காபி கொண்டுவந்தாள். இரண்டு அறையிலும் படுக்கை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாக இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 28, புதன்

ரம்பக்கூடப் பட்டன்களைக் கண்ட்ரோலரில் மாற்றி எழுதினேன். ஒரு பட்டனை முதல் தரம் அமுக்கியதும் அது அமுங்கியதாகக் கணக்கு. அதற்குப் பிறகு சிறிது நேரம் எத்தனை தரம் அமுங்கினாலும் காது கேட்காது. கிரேனில் கொலைகாரனாகப் பார்த்த தாமதம் இங்கே யாரையும் ஒன்றும் செய்யாது. பட்டனை அமுக்கிய பிறகுதானே காத்திருக்கிறது.

நிறுத்தும் பட்டனை மட்டும் தொடவில்லை. அதை எத்தனை தரம் அமுக்கினாலும் நிற்கத்தான் போகிறது.

அவர் உட்கார்ந்து பார்த்தார். விரல் டடடவென்று ஆடியது. ரம்பம் ஒரே தரம் கிளம்பியது. "ம்," என்றார். அவ்வளவுதான். போகும்போது என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார், அந்த வலது கையை.

ஏப்ரல் 3, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்து முதல் வேலை நாள். காலையில் பாஷ்கோ அண்ணன் ரம்பக்கூடத்திலிருந்து வந்து என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். மேலே தோங்கோ ஓட்டிக்கொண்டிருந்தான், கோடு நேராக ஓடியது. "என்ன இது, பொணம் ஓட்டுற மாதிரி," என்றார். அந்தப் பெரிய கல்லை இன்றைக்குத்தான் ரம்பத்துக்கு எடுத்தார்கள். கையுறை தோல் அட்டை மாதிரி தட்டையாகிக் கிடந்தது. தோங்கோ அதைக் கேபினில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான்.

மரேண்டாவுக்கு ஃபானி ஆட்டுக்கறி வைத்திருந்தாள், நடுவில் வைன் கூஜா. முதல் டம்ளரைத் தோங்கோ பாஷ்கோ அண்ணனுக்குத்தான் ஊற்றினான். இங்கே வழக்கமாகக் கலக்கும் தண்ணீரைக்கூடக் கலக்கவில்லை.

"நெறைய ஊத்திட்ட. சிந்தும்."

"சிந்தட்டும்."

பாஷ்கோ அண்ணன் வலது கையால் டம்ளரை எடுத்தார். மேசையிலிருந்து வாய்க்குப் போவதற்குள் நன்றாகவே சிந்தியது, விரலில், சட்டைக் கையில், மேசைமேல். நாங்கள் யாரும் கண்ணைத் திருப்பவில்லை. அவர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். தோங்கோ ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, மேசைமேல் சிந்திக்கிடந்த வைனை ஒரு பக்கத்திலிருந்து துடைத்தெடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"நல்லாத்தான் வந்திருக்கு மச்சான், ஒங்க வீட்டு வைன்," என்றான்.